ஆம்ப்ளிஃபயரைக் கழற்றும் முன்

கீரமங்கலம் பூச்சந்தைக்கு வந்துபோகும் வேன் ஆகட்டும், ஆலங்குடி, அறந்தாங்கி, பேராவூரணி என்று வாடகைக்கு ஓடும் கார் ஆகட்டும், பாட்டு இல்லாத வண்டியைப் பார்ப்பது அரிது. வண்டியோடு வந்த செட் போதாமல் ஆம்ப்ளிஃபயரும் சப்ஊஃபரும் தனியாக வாங்கி மாட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் ஆன்லைனில் வரவழைத்தாலும், எத்தனை வாட்ஸ், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று பேச்செல்லாம் பெட்டியைச் சுற்றியே நடக்கிறது. அதற்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயரைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. பிறகு இரைச்சல் வந்தாலும், பாட்டு பாதியில் நின்றாலும், பழி பெட்டிமேல்தான் விழுகிறது. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒயரிலும் எர்த்திலும்தான் பிறக்கின்றன. அதனால் பணமும் கவனமும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

இதைப் பள்ளிக்கூடக் கணக்கே காட்டிவிடும். வீட்டில் 500 வாட்ஸ் கருவி ஒன்று 230 வோல்ட்டில் ஓடினால், அதன் ஒயரில் பாயும் கரண்ட் சுமார் 2 ஆம்பியர். காரில் எஞ்சின் ஓடும்போதும் கிடைப்பது 14 வோல்ட் அளவுதான். நிஜமாகவே 500 வாட்ஸ் தரும் ஆம்ப்ளிஃபயர், சிக்கனமான கிளாஸ் டி வகையாக இருந்தாலும், முழு ஓசையில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி முன்னால், ஆம்ப்ளிஃபயர் டிக்கியில்; நடுவே சுமார் 5 மீட்டர் ஒயர். அது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக இருந்தால், அந்த 45 ஆம்பியர் பாயும்போது ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே சூடாகக் கரைந்துவிடும். அதே இடத்தில் 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும். மலிவு ஒயரிங் கிட்களில் வரும் ஒயர் பலவும் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்கு தடையுள்ளவை. மேலே பிளாஸ்டிக் உறையைப் பருமனாக வார்த்திருப்பதால் பார்வைக்குத் தடித்த ஒயராகத் தெரியும். நுனியைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பி எவ்வளவு, வெட்டிய இடத்தில் அது வெள்ளையாக மினுங்குகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்ஸையும் இதே கணக்கில் சோதிக்கலாம். 1000 வாட்ஸ் என்று போட்ட ஆம்ப்ளிஃபயரில் செருகியிருப்பது ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால், உள்ளே போவதே சுமார் 400 வாட்ஸ். போவதைவிட அதிகமாக வெளியே வராது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கேட்டு வாங்குவதுதான் முறை.

பிளஸ் ஒயர் எத்தனை தடிமனோ அத்தனை தடிமன் எர்த் ஒயருக்கும் வேண்டும். போன கரண்ட் முழுவதும் அந்த வழியாகத்தான் திரும்புகிறது. இதைத்தான் பலரும் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். கைக்குக் கிடைத்த ஸ்க்ரூவின் அடியில், பெயின்ட்டின் மேலேயே ஒயரைச் சுற்றி முறுக்கிவிடுகிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பாடித் தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகு, வளைய முனை வைத்து போல்ட் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூச வேண்டும். ஈரப் பூ மூட்டை ஏற்றும் வண்டியில் தரை விரிப்புக்கு அடியில் தண்ணீர் தங்க வாய்ப்புண்டு என்பதால் எர்த் போல்ட்டைத் தரைக்கு மேலே உயரமான இடத்தில் வைப்பது நல்லது. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் மெயின் ஃப்யூஸும் கட்டாயம். அந்த ஃப்யூஸ் காப்பது ஒயரை. எஞ்சின் அறைச் சுவரின் துளையில் ஒயர் உரசி உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டும். ஃப்யூஸ் போன இடத்தில் பெரிய ஃப்யூஸோ கம்பியோ போடுவது வண்டிக்குத் தீ வைக்கும் வேலை.

கோளாறு வந்தால் தேடும் வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயர் உயிர் பெறவே இல்லையென்றால் பிளஸ், எர்த், செட்டை ஆன் செய்ததும் ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் என மூன்று முனைகளிலும் வோல்ட் பார்க்க வேண்டும். பாட்டு வந்தும் தொல்லை இருந்தால், எஞ்சின் ஓட, பாட்டு உரக்க ஒலிக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட் அளவில் நின்றால் நல்ல எர்த். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அங்கேதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஊளைச் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அதற்கு வழிவிடுவதும் பெரும்பாலும் மோசமான எர்த், அல்லது பிளஸ் ஒயரை ஒட்டியே இழுத்த, செட்டிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள். ஆம்ப்ளிஃபயரின் புரொடெக்ட் விளக்கு எரிந்தால் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் ஷார்ட் ஸ்பீக்கர் பக்கம், அல்லது தாங்காத ஓம்ஸில் ஸ்பீக்கர்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஓசை கரகரத்தால் கெயின் திருகைக் குறைக்க வேண்டும். அது வால்யூம் கூட்டும் திருகு இல்லை. செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரை இணக்குவது மட்டுமே அதன் வேலை.

நாய்ஸ் ஃபில்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அது சத்தத்தைத் தணிக்கலாம், தளர்ந்த எர்த்தில் ஏறும் சூட்டைத் தணிக்காது. பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் கெபாசிட்டர் போடச் சொல்வார்கள். ஒரு நொடிக்கும் குறைவான இழுப்பை அது தாங்கும். மெல்லிய ஒயரின் தொடர் இழப்பை ஈடுகட்டாது. ஆம்ப்ளிஃபயரே பழுதாவதில்லையா என்று கேட்பதில் நியாயம் உண்டு. பவர் டிரான்சிஸ்டர்கள் எரிவது வழக்கமான பழுதுதான். ஆனால் முனைகளில் சரியான வோல்ட் இருந்து, ஸ்பீக்கரைக் கழற்றியும் புரொடெக்ட் விளக்கு அணையாதபோதுதான் அந்த முடிவுக்கு வரலாம். அதற்கு முன் பெட்டியை மாற்றினால், புதுப் பெட்டியும் அதே ஒயரில்தான் அவதிப்படும். செலவு கூடும் என்பதும் உண்மை. அதற்கு வழி, ஒரு படி சிறிய ஆம்ப்ளிஃபயர் வாங்கி மிச்சத்தைச் செம்பு ஒயருக்குக் கொடுப்பது. முழு வோல்ட் கிடைக்கும் 300 வாட்ஸ், பட்டினி கிடக்கும் 500 வாட்ஸைவிடச் சுத்தமாகப் பாடும்.

ஆகவே மாட்டித் தரும் கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒயர் சுத்தச் செம்பா, எத்தனை சதுர மில்லிமீட்டர்? மெயின் ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில்? எர்த் எங்கே, பெயின்ட்டைச் சுரண்டினார்களா? கையில் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், பதில் சரியா என்று வண்டியை எடுக்கும் முன் அங்கேயே அளந்து பார்த்துவிடலாம்.