இரைச்சலுக்கு அடியில் ஓர் உரையாடல்

சிற்றலை ரேடியோவை 14.074 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் பேச்சுக் குரல் கேட்காது, மோர்ஸ் தட்டலும் கேட்காது. பல விசில்கள் ஒரே நேரத்தில் நடுங்கியபடி ஒலிக்கும். பன்னிரண்டரை விநாடிக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக ஓயும். இரண்டு விநாடி அமைதி. மறுபடி ஒன்றாகத் தொடங்கும். பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்தும் பல நாட்டு ஹாம்கள் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முறையின் பெயர் எஃப்டி8.

2017இல் இதை உருவாக்கியவர்கள் அமெரிக்க ஹாம்களான ஸ்டீவ் ஃபிராங்க், ஜோ டெய்லர் இருவரும். டெய்லர் வானியற்பியலாளர். 1974இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் சேர்ந்து அரசிபோ ரேடியோ தொலைநோக்கி வழியாக இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் முதல் பல்சாரை (துடிக்கும் விண்மீனை) கண்டுபிடித்து, அதற்காக 1993ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விண்மீனின் மெலிந்த துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்துப் பழகியவர், தம் பொழுதுபோக்கிலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார். இதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியே போதும்.

எஃப்டி8இன் பலம் அதன் கறார்த்தனத்தில் இருக்கிறது. ஒரு செய்தி 77 பிட்டுகளுக்குள் அடங்க வேண்டும். இரண்டு நிலையங்களின் அழைப்புக்குறிகள், கூடவே இருப்பிடக் கட்டம் அல்லது சிக்னல் அளவு, அவ்வளவுதான். இருப்பிடத்துக்காக உலகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சென்னை என்கே03, மதுரை எம்ஜே99, யாழ்ப்பாணம் என்ஜே09. இந்த 77 பிட்டுகளோடு சரிபார்ப்புக்கும் பிழைதிருத்தத்துக்கும் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து 174 ஆக்குகிறார்கள். நேரத்தைக் கணிக்க உதவும் அடையாள ஒலிகளும் சேர, மொத்தம் 79 ஒலித்துண்டுகள். ஒவ்வொன்றும் 0.16 விநாடி நீளும். எட்டுச் சுருதிகளில் ஏதோ ஒன்றில் ஒலிக்கும். எல்லாம் 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் முடிந்துவிடும். ஒருவர் பேசப் பிடிக்கும் அலைவரிசை இடத்தில் பல டஜன் பேர் ஒரே நேரத்தில் இயங்கலாம்.

பேருந்து நிலைய ஒலிபெருக்கி எவ்வளவு கரகரத்தாலும் நம் ஊர்ப் பெயர் நமக்குப் புரிந்துவிடுகிறது. என்னென்ன ஊர்ப் பெயர்கள் வரக்கூடும் என்பது முன்பே தெரியும் என்பதால்தான் அது. எஃப்டி8 கணினிக்கும் எப்போது ஒலி தொடங்கும், எந்த வடிவில் வரும் என்பதெல்லாம் முன்பே தெரியும். ஆகவே, 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் இருக்கும் மொத்த இரைச்சலைவிட 21 டெசிபெல் குறைவான, அதாவது நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த ஆற்றல் கொண்ட சிக்னலையும் அது படித்துவிடுகிறது. காதுக்கு அங்கே வெறும் இரைச்சல்தான்.

நிலையம் அமைக்க வேண்டியவை அதிகமில்லை. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் இயங்கும் ஒரு டிரான்ஸீவர் (அனுப்பவும் பெறவும் ஆன ரேடியோ), 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பியில் கட்டிய டைபோல் ஆன்டெனா, கணினி. ரேடியோவிலிருந்து ஒலி கணினிக்கு வர வேண்டும், கணினியின் ஒலி ரேடியோவுக்குப் போக வேண்டும், அலைவரிசையை மாற்றவும் ஒலிபரப்பைத் தொடங்கவும் கட்டளை போக வேண்டும். ஐகாம் ஐசி-7300 போன்ற ரேடியோக்களில் சவுண்டு கார்டு உள்ளேயே இருப்பதால் ஒற்றை யூஎஸ்பி கேபிள் மூன்றையும் பார்த்துக்கொள்ளும். பழைய ரேடியோவுக்கு இடையில் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டும்.

இணைத்த பிறகு மூன்று விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது கடிகாரம். சுற்று 15 விநாடிக்கு ஒருமுறை தொடங்குவதால், கணினியின் நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். மூன்று விநாடி பிசகினாலும் திரையில் சிக்னலின் கோடுகள் தெரியும். ஆனால் எழுத்து ஒன்றும் வராது. இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். இணையம் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் ரிசீவர் உதவும். இரண்டாவது ஒலி அளவு. கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலியை அதிகமாக வைத்தால் சிக்னல் உருக்குலையும். பக்கத்து இடங்களில் போலிச் சிக்னல்கள் முளைத்து மற்றவர்களின் தொடர்பைக் கெடுக்கும். ரேடியோவில் ஒலி மிகுதியைக் காட்டும் ஏஎல்சி முள் அசையாத அளவுக்கு, அல்லது மிகச் சிறிதே அசையும் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். மூன்றாவது சூடு. பேச்சில் ஆற்றல் ஏறி இறங்கும். எஃப்டி8இலோ பன்னிரண்டரை விநாடியும் ஒரே முழு ஆற்றல். 100 வாட் ரேடியோவைப் பாதி அளவில் அல்லது அதற்கும் கீழே ஓட்டுவது நல்லது. பெரும்பாலான தொடர்புகளுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் நகரத்தில் ஒரு சங்கடம் உண்டு. எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் சிற்றலையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடியில் கம்பி கட்ட அனுமதியும் எளிதில் கிடைக்காது. அதனால் பல நாடுகளிலும் ஹாம்கள் ஆன்டெனாவையும் ரேடியோவையும் ஊருக்கு வெளியே வைத்துவிட்டு, வீட்டிலிருந்தபடி இணையம் வழியாக இயக்குகிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு எஃப்டி8 மிகவும் பொருந்துகிறது. இணையத்தில் ஏற்படும் அரை விநாடித் தாமதம் பேச்சுக்கு இடைஞ்சல். மோர்ஸ் சாவி தட்டுபவருக்கு இன்னும் பெரிய தொல்லை. எஃப்டி8இல் ஒலியை அனுப்புவது, படிப்பது, நேரம் பார்ப்பது எல்லாமே ரேடியோவின் பக்கத்திலுள்ள கணினியிலேயே நடந்துவிடும். நமக்கு வந்து சேர வேண்டியது திரை மட்டும். இங்கிருந்து போக வேண்டியது மவுஸ் சொடுக்கு மட்டும். ரிமோட் டெஸ்க்டாப் ஒன்று போதும். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியே தாங்கும்.

ஊருக்கு வெளியே இணையத்துக்குச் சிம் கார்டு ரவுட்டர் வைத்தால் வெளியிலிருந்து நேராக உள்ளே நுழைய முடியாமல் போகலாம். அதற்கு வயர்கார்டு போன்ற விபிஎன் தீர்வு. பாதுகாப்புக்கும் அதுவே சரி, ரவுட்டரில் கதவைத் திறந்து வைப்பது ஆபத்து.

ஆளில்லாத இடத்தில் ரேடியோ ஒலிபரப்பிலேயே சிக்கிக்கொண்டால் யார் நிறுத்துவது? மென்பொருளில் ஒரு காவல் நேரம் உண்டு: குறிப்பிட்ட நிமிடங்கள் யாரும் எதையும் தொடாவிட்டால் ஒலிபரப்பு நின்றுவிடும். கணினியே உறைந்துபோனால் அதுவும் வேலை செய்யாது. ஆகவே ரேடியோவின் மின்சாரத்தைத் துண்டிக்க, அந்தக் கணினியைச் சாராத தனி ரிலே அவசியம். ஆனால் இடி மழைக்கு இந்த ரிலேயை நம்பக் கூடாது. மின்னல் அதன் முனைகளுக்கு இடையிலுள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிவிடும். வானம் கருக்கும் பருவத்தில் ஆன்டெனா கேபிளை யாராவது கையால் கழற்றி வெளியே போடுவதே முறை.

ஒலிபரப்ப, தேர்வில் தேறி அரசு உரிமம் பெற வேண்டும். தூரத்திலிருந்து இயக்குவதற்கு நாட்டுக்கு நாடு விதி மாறுவதால், இறங்கும் முன் உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். எங்கிருந்து இயக்கினாலும் நிலையத்துக்குப் பொறுப்பு உரிமம் வைத்திருப்பவரே. ஹாம் செய்திகளை மறைகுறியாக்கம் செய்யக் கூடாது என்பது சர்வதேச விதி. எஃப்டி8 அதை மீறவில்லை. அதன் குறியீட்டு முறை யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது.

இதில் கணினியும் கணினியும்தான் பேசுகின்றன, மனிதனுக்கு என்ன வேலை என்று பழைய ஹாம்கள் சிலர் கேட்பதுண்டு. சாப்பிட்டாயா என்று விசாரிக்க 77 பிட்டில் இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எந்தத் திசை பார்த்துக் கட்டுவது, பகலில் எந்த அலைவரிசை, இருட்டிய பின் எது என்பதையெல்லாம் கணினி தீர்மானிப்பதில்லை. தீர்மானம் சரியா என்பதை உடனே சோதிக்கவும் வழி இருக்கிறது: நம் சிக்னல் எந்தெந்த ஊரில் எவ்வளவு பலத்தோடு கேட்டது என்று பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வரைபடம் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

உரிமம் இல்லாதவர்கள் கேட்பதிலிருந்து தொடங்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள ரிசீவரை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இயக்கலாம். 14.074இல் வைத்து, அந்த ஒலியைக் கணினிக்குள்ளேயே டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸுக்குத் திருப்பிவிட்டால், அடுத்த சுற்று முடிந்ததும் திரையில் அழைப்புக்குறிகள் வரிசையாக விழும். 'வியு' என்று தொடங்கினால் இந்தியா, '4எஸ்' என்றால் இலங்கை.