கூரை இருந்தும் வீடற்றவர்

லண்டனில் வீடற்றவர் என்றதும் ரயில் நிலைய வாசலில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவர்தான் கண்ணில் தெரிவார். ஈஸ்ட்ஹாமில் சித்தப்பா வீட்டு முன்னறையில் மாதக்கணக்காகப் படுத்திருக்கும் பையனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொன்னால் குடும்பத்துக்கே மானக்கேடு. சட்டம் மானம் பார்ப்பதில்லை. "இனி இங்கே இருக்க வேண்டாம்" என்று சித்தப்பா சொல்லிவிட்டால், இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அந்தப் பையனையும் வீடற்றவராகவே கொள்கிறது. அடி உதைக்குப் பயந்து வாழும் பெண்ணுக்குச் சொந்த வீட்டுச் சாவி கையில் இருந்தாலும் அதே நிலைதான்.

வீடின்மை எல்லா இனத்தவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து மக்களில் கறுப்பினத்தவர் சுமார் 4 சதவீதம். வீடற்ற நிலைக்காகக் கவுன்சில் உதவி பெறும் குடும்பங்களிலோ ஏறத்தாழ பத்தில் ஒன்று அவர்களுடையது. குறைந்த சம்பளமும் நெருக்கடியான வாடகை வீடுகளும் இதற்குக் காரணம். 2016 முதல் குடியிருப்போரின் விசாவை வீட்டு உரிமையாளரே சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. அந்த விதியால் சில உரிமையாளர்கள் பாகுபாடு காட்டுவதை 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் விதி செல்லும் என்றது.

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஓர் இரவு தெருவில் உறங்குவோரைக் கணக்கெடுக்கிறார்கள். உறவினர் வீட்டில் ஒண்டியிருப்போர் அதில் வருவதே இல்லை. சிறுபான்மையினரின் வீடின்மை பெரும்பாலும் இப்படி நான்கு சுவருக்குள்தான் நடக்கிறது.

2018 ஏப்ரல் முதல், அடுத்த 56 நாட்களுக்குள் வீடு பறிபோகும் நிலை இருந்தாலே கவுன்சிலை அணுகலாம். உங்கள் நிலையை ஆராய்ந்து, எழுத்தில் ஒரு திட்டம் தருவது அவர்கள் கடமை. குழந்தைகள், கர்ப்பம், குடும்ப வன்முறை, கடும் நோய் போன்ற காரணங்கள் இருந்து வீடும் இல்லையென்றால் உடனே தற்காலிகத் தங்குமிடம் தர வேண்டும். குழந்தையுள்ள குடும்பத்தைத் தனியார் விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்றே மூட்டை கட்டாதீர்கள். ஆலோசனை கேட்காமல் வெளியேறினால் "வேண்டுமென்றே வீட்டை விட்டார்" என்று எழுதிவிடுவார்கள். விசாவில் பொதுநிதி பெறத் தடை இருந்தால், விண்ணப்பிக்குமுன் குடியேற்ற வழக்குரைஞரைப் பாருங்கள். தடை இருந்தாலும், பிள்ளைகள் இருந்தால் 1989ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உதவி கேட்க வழி உண்டு. எட்டு வயது மகளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அம்மா வாங்கிய அடியை அவள் எப்படி அதிகாரியிடம் சொல்வாள்? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

கவுன்ட்டரிலேயே "உங்களுக்குக் கிடைக்காது" என்றால் நகராதீர்கள். முடிவை எழுத்தில் கேளுங்கள். அது கிடைத்த 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதிலும் தோற்றால், சட்டப்பிழை இருக்கும்பட்சத்தில் கவுன்ட்டி நீதிமன்றம் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசுச் செலவில் வழக்குரைஞர் கிடைப்பார். 'ஷெல்டர்' அமைப்பும் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அலுவலகங்களும் இலவசமாக ஆலோசனை சொல்கின்றன.

ஆனால் தனிமனிதர் போராடியே பெற வேண்டிய சேவை நல்ல சேவையல்ல. ஆலோசனைச் சேவையை யாருடைய தேவைக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்று வீட்டுவசதிச் சட்டத்தின் 179ஆம் பிரிவு பட்டியலிடுகிறது: சிறையிலிருந்து வருவோர், முன்னாள் ராணுவத்தினர், மருத்துவமனையிலிருந்து வெளியேறுவோர் முதலானோர். இனச் சிறுபான்மையினர் அதில் இல்லை. எனினும் தன் பகுதியில் அதிக ஆபத்தில் உள்ள வேறு பிரிவினரைக் கவுன்சிலே அடையாளம் காணலாம் என்று கடைசி வரி சொல்கிறது. இனச் சமத்துவத்தைக் கருத்தில் கொள்ளும் கடமையை 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஏற்கெனவே அவர்கள் மீது சுமத்தியிருக்கிறது. அந்தக் கடைசி வரியைப் பயன்படுத்தாத கவுன்சிலுக்குச் சாக்கு கிடையாது.

ஒவ்வொரு கவுன்சிலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வீடின்மைக்கான திட்டத்தைப் புதுப்பித்தாக வேண்டும். உங்கள் பகுதியில் அதற்குக் கருத்துக் கேட்கும்போது தமிழ்ச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் அந்த முன்னறைப் பையன்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள்.