குடிநீரின்மேல் ஒரு படகுப் பிரயாணம்

சிங்கப்பூரில் நான் விருந்தினனாகத் தங்கியிருந்த வீட்டில், விடிவதற்கு முன்பே எழுந்து, சமையலறைக் குழாயைத் திறந்து, காய்ச்சாமலும் வடிகட்டாமலும் ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகளில் ஒன்றிலேயே படகு விடுவதற்காகப் புறப்பட்டேன் என்று சொன்னால், நம்மூர் வாசகர்களுக்கு அது சற்று விபரீதமாகத் தோன்றக்கூடும். குடிக்கிற நீரில் கால் வைக்கலாகாது என்பது நம் பாட்டிமார் கற்பித்த ஆசாரம். செட்டிநாட்டு ஊருணிகளில் செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டுக் குடத்தோடு படியிறங்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அந்த ஆசாரத்தைக் கைவிடாமலே குடிநீரின்மேல் விளையாடவும் கூடும் என்பதை ஒரு நகரம் கண்டுகொண்டிருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சென்ற இடம் மெக்ரிட்சி நீர்த்தேக்கம். மேரிமவுண்ட் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், அடுக்குமாடிக் கட்டடங்களும் அகன்ற சாலைகளும் வாகனங்களின் இரைச்சலும் ஒரு பக்கம் நின்றுவிட, மறுபக்கம் அடர்ந்த வனம் நீரின் விளிம்புவரை இறங்கி வந்து நிற்கும் காட்சியைக் காணலாம். நகரத்துக்கும் காட்டுக்கும் நடுவே அணைக்கரை ஒன்றுதான் எல்லை. அந்தக் கரையோரத்தில், வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த கயாக் படகுகளின் பக்கத்தில், எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவுக்காகக் காத்திருந்தவர், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர். சீனர்களும் மலாய்க்காரர்களும் இருந்த குழுவுக்கு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி, “அங்கிள், நீச்சல் தெரியுமா? தெரிஞ்சாலும் இங்க நீந்தக் கூடாது. இது எல்லாரும் குடிக்கிற தண்ணி” என்றார். அன்றைய பிரயாணத்தின் முதல் பாடம் அதுவாகவே அமைந்தது.

கயாக் என்பது வெப்பமண்டலத்துக்குச் சொந்தமான படகு அன்று. கிரீன்லாந்திலும் வட அமெரிக்காவின் வடகோடியிலும், மரம் முளைக்காத பனிப்பிரதேசத்தில் வாழ்ந்த இனுயிட் மக்கள், கடல் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கிய மரத்துண்டுகளையும் திமிங்கில எலும்புகளையும் சட்டமாகக் கட்டி, அதன்மீது சீல் தோலைத் தைத்துப் போர்த்தி, ஒருவர் மட்டும் இடுப்பளவு நுழைந்து உட்காரும்படி நடுவில் ஒரு துவாரம் விட்டு, சீல்களை ஓசையின்றி நெருங்கி வேட்டையாடுவதற்காக இதைச் செய்துகொண்டார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல், படகின் நீள அகலங்களும் அதைச் செலுத்தப்போகிறவனுடைய கையையும் உடலையும் கொண்டே அளக்கப்பட்டன. நம்முடைய கட்டுமரம் என்ற சொல் எவ்வாறு பிறமொழிகளில் புகுந்து உலகச் சொத்தாகிவிட்டதோ, அவ்வாறே கயாக் என்ற அவர்களுடைய சொல்லும் ஆகிவிட்டது.

இந்தப் படகு வேட்டைக் கருவியாயிருந்த நிலை மாறி உல்லாச சாதனமானதற்கு முக்கியமான காரணம், லண்டனில் வக்கீலாயிருந்த ஜான் மெக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். கயாக்கைப் பின்பற்றி மரத்தால் செய்வித்து, ‘ராப் ராய்’ என்று பெயரிட்ட சிறிய படகில், 1865-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நதிகளிலும் ஏரிகளிலும் தன்னந்தனியாகச் சுற்றிவிட்டு, மறு ஆண்டே அதைப்பற்றி ஒரு புத்தகமும் அவர் எழுதி வெளியிட, படித்தவர்கள் பலர் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள். 1936-ஆம் ஆண்டின் பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக் பந்தயம் இடம்பெற்றது. இன்று தோலும் எலும்பும் போய், பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்த படகுகள் வந்துவிட்டன. புதியவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் உள்ளே நுழைந்து உட்காரும் படகு அன்று. பலகையின்மேல் அமர்வதுபோல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும் வகை. கவிழ்ந்தாலும் அதற்குள் மனிதர் அகப்பட்டுக்கொள்ளமாட்டார். ஏறும் நீரும் தானாகவே துவாரங்கள் வழியாக வடிந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இழுத்து மாட்டி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, அது காதுவரை ஏறாமல் உடம்போடு நிற்கிறதா என்று ஒவ்வொருவரையும் சோதித்த பிறகுதான் துடுப்பு எங்கள் கைக்கு வந்தது. ஓடத் துடுப்புக்கு ஒரு முனையில்தான் இலை; கயாக் துடுப்புக்கோ இரண்டு முனையிலும் இலை உண்டு; ஆகையால் இடமும் வலமும் மாறிமாறி நீரைத் தள்ளலாம். இடப்பக்கம் வலித்தால் படகு வலப்பக்கம் திரும்பும் என்பதை அறிவு உடனே ஒப்புக்கொண்டாலும், கைகள் ஒப்புக்கொள்வதற்குக் கால்மணி நேரமாவது ஆகிறது. அதற்குள் நான் கரையோரப் புதரை இரண்டு முறை தரிசித்துவிட்டுத் திரும்பினேன். “கைய மட்டும் வச்சு இழுக்காதீங்க அங்கிள், நாளைக்குத் தோளத் தூக்க முடியாது. இடுப்பத் திருப்புங்க, துடுப்பு தன்னால வரும்” என்று அந்த இளைஞர் பக்கத்தில் வந்து சொல்லிக்கொடுத்தார். பாதங்களைப் படகின் பள்ளங்களில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, துடுப்பின் இலையைக் கால்விரல்களுக்கு நேராக நீரில் இறக்கி, உடம்பைத் திருப்பியபடியே இடுப்புவரை கொண்டுவந்து எடுத்துவிடவேண்டும். அதற்கும் பின்னால் இழுப்பது வீண் உழைப்பு. வித்தை இவ்வளவுதான். பலத்தைக் காட்டுகிறவர் விரைவில் களைத்துப்போகிறார். தாளம் பிடித்துக்கொண்டவரோ மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறார்.

சிறிது நேரத்தில் கரையின் பேச்சுக்குரல்கள் அடங்கிவிட்டன. மற்றப் படகுகளில் நாம் நீருக்கு மேலே உட்காருகிறோம். கயாக்கிலோ நீரின் மட்டத்திலேயே உட்காருகிறோம். கையைத் தொங்கவிட்டால் விரல் நனையும். அந்தத் தாழ்ந்த ஆசனத்திலிருந்து பார்க்கும்போது, ஏரி ஒரு சமவெளிபோல் கண்ணுக்கு நேரே விரிகிறது; கரைமரங்கள் இருமடங்கு உயரமாகத் தெரிகின்றன. எண்ணெயும் புகையும் இல்லாமல், அலையும் எழுப்பாமல் ஊர்ந்து செல்வதனாலேயே குடிநீர் ஏரிக்கு ஏற்ற படகு இது என்பதும், வேட்டைக்காரன் சீலை ஏமாற்றுவதற்காகக் கண்டுபிடித்த மௌனம் இன்று நீரைக் காப்பதற்கு உதவுகிறது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

நடு ஏரியில் எங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து, படகுகளைப் பக்கத்தில் பக்கமாகப் பிடித்துக்கொள்ளச் செய்து, வழிகாட்டி அந்த நீரின் சரித்திரத்தைச் சொன்னார். சிங்கப்பூரின் சீன வட்டாரம் ஒன்றுக்குக் கிரேத்தா ஆயர் என்று பெயர். மலாய் மொழியில் தண்ணீர் வண்டி என்று அதற்குப் பொருள். கிணற்று நீரை மாட்டுவண்டியில் ஏற்றி வீதிவீதியாகக் கொண்டுபோய்க் கொடுத்த காலத்தின் ஞாபகம் அது. துறைமுகம் வளர வளரத் தண்ணீர்த் தட்டுப்பாடும் வளர்ந்தது. 1857-இல் டான் கிம் செங் என்னும் சீன வர்த்தகர், நகரத்துக்கு நல்ல நீர் கொண்டுவருவதற்காக 13,000 டாலர் நன்கொடை அளித்தார். 1868-இல் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. ஆனால் நீரை இறைக்கும் யந்திரங்களும் குழாய்களும் அமைந்து நகரத்துக்கு நீர் போய்ச் சேர, மேலும் பத்து ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. கொடுத்த புண்ணியவானோ 1864-இலேயே காலமாகிவிட்டார். 1882-இல் அவர் ஞாபகார்த்தமாக நிறுவப்பட்ட நீரூற்று இன்று எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது. 1890களில் ஏரியை விஸ்தரித்த நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர், 1922-இல் இதற்குச் சூட்டப்பட்டது.

தண்ணீரின் அருமையை அந்தத் தீவு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி ஆங்கிலேயப் படை ஜப்பானியரிடம் சரணடைந்தபோது, குண்டுவீச்சினால் குழாய்கள் உடைந்து நகரத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டு வந்தது அந்த முடிவுக்கு ஒரு முக்கிய காரணமாயிருந்தது. வென்றவர்கள் இந்த ஏரியின் மேற்குக் காட்டில், யுத்தக் கைதிகளைக் கொண்டு சியோனான் ஜிஞ்சா என்னும் ஷிண்டோ கோயிலைக் கட்டி, அதற்குச் செல்ல நீரின்மேல் ஒரு பாலமும் அமைத்து, 1945-இல் தோல்வி நேர்ந்ததும் தாங்களே அதை அழித்துவிட்டார்கள். கல்தொட்டி ஒன்றும் சில சிதைவுகளுமே காட்டுக்குள் எஞ்சியிருக்கின்றன. பின்னர் 1963-இல் மழை பொய்த்து, சுமார் பத்து மாத காலம் தண்ணீருக்குப் பங்கீடு செய்யவேண்டி வந்தது. வாளியோடு வரிசையில் நின்ற அந்தத் தலைமுறையைச் சேர்ந்த தம்முடைய பாட்டி, இன்றைக்கும் அரிசி கழுவிய நீரைச் செடிக்குத்தான் ஊற்றுகிறார் என்று வழிகாட்டி சொன்னார்.

இன்று அந்நாட்டில் 17 நீர்த்தேக்கங்கள் உள்ளன. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கின்மேல் பெய்யும் மழை அவற்றில் சேகரிக்கப்படுகிறது. இதனோடு, 1962-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி 2061 வரையில் ஜொகூர் நதியிலிருந்து நாள் ஒன்றுக்கு 25 கோடி கேலன்வரை எடுத்துக்கொள்ளும் உரிமையும், கழிவுநீரையே நுண்ணிய சவ்வுகளின் வழியே செலுத்திச் சுத்திகரித்து 2003 முதல் வழங்கிவரும் நியூவாட்டரும், 2005 முதல் கடல்நீரிலிருந்து பெறும் குடிநீரும் சேர்ந்துகொள்கின்றன. ஏரிநீரும் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்தபின்தான் குழாயில் வருகிறது. நான் காலையில் தைரியமாகக் குடித்தது அதனால்தான்.

நீரைக் காப்பதற்காக வகுத்த நியதி காட்டையும் காப்பாற்றியது என்பதுதான் இதில் விசேஷம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தோல் பதனிடுவதற்கும் வெற்றிலையோடு மெல்லுவதற்கும் பயன்பட்ட காம்பிர் பயிருக்காகவும் மிளகுக்காகவும் அத்தீவின் காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன; நீர்ப்பிடிப்புப் பிரதேசம் என்று இந்த ஏரியைச் சுற்றி ஒதுக்கிய நிலத்திலோ பழைய வனத்தின் மிச்சங்கள் பிழைத்துக்கொண்டன. நாங்கள் கரையை ஒட்டி மெதுவாகப் போனபோது, கிளையில் அசையாமல் அமர்ந்திருந்த பெரிய மீன்கொத்தி ஒன்று, துடுப்பு நீட்டினால் தொட்டுவிடும் தூரம்வரை எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. நீருடும்பு ஒன்று தலையை மட்டும் நீருக்குமேல் நீட்டிக்கொண்டு எங்களைப்போலவே நிதானமாக ஏரியைக் கடந்தது. சிவப்பு நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீரின்மேல் கொப்பளித்த ஓரிடத்தில் படகை நிறுத்தச் சொன்னார் வழிகாட்டி. அது தோமான் என்னும் மீன். நம்முடைய விராலுக்குப் பெரிய தமையன். தாயும் தந்தையும் அடியிலேயே நின்று குஞ்சுகளைக் காவல் காக்கும் குணத்திலும் அது விராலையே ஒத்திருக்கிறது. வளர்த்துச் சலித்த ஆமைகளையும் மீன்களையும் இரக்கத்தினாலோ புண்ணியம் கருதியோ இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டென்றும், அந்த அந்நிய ஜீவன்கள் உள்ளூர் ஜீவன்களின் ஆகாரத்தைப் பறித்துவிடுவதனால் அது குற்றமாகவே கருதப்படுகிறது என்றும் அவர் சொன்னார்.

மிதவைகள் கட்டியிருந்த எல்லைக்கு அப்பால் எவரும் போகக்கூடாது. அந்தக் கோட்டருகே வந்ததும் வழிகாட்டி வானத்தைப் பார்த்தார். சுமத்ரா என்றே பெயர்பெற்ற காற்றுமழை மேற்கிலிருந்து திடீரென்று பாய்ந்துவரும் ஊர் அது. பிற்பகல்களில் இடியும் மின்னலும் சாதாரணம். திறந்த நீர்ப்பரப்பில் மனிதத் தலையே மிக உயர்ந்த பொருளாக இருப்பதனால், மின்னல் எச்சரிக்கை வந்த மாத்திரத்தில் எல்லாரும் கரையேறியாகவேண்டும். காலையிலேயே பிரயாணத்தை முடித்துக்கொள்வது உத்தமம் என்பது இதனால்தான். போக விரும்புகிறவர்கள் சீக்கிரம் உலரும் உடை, தொப்பி, நனைந்தாலும் பாதகமில்லாத காலணி, குடிக்கத் தண்ணீர், கைப்பேசிக்கு நீர் புகாத உறை ஆகியவற்றை எடுத்துச் செல்லவேண்டும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோகச் சொல்வது விநோதமாகத் தோன்றினாலும், அந்த வெப்பத்தில் அதை மறந்தவர் வருந்துவார். தின்பண்டத்தை வெளியே காட்டாமலிருப்பதும் அவசியம். கரையில் நீண்டவால் குரங்குகள் நம்முடைய பைகளின் அமைப்பை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கின்றன.

வெயில் ஏறத் தொடங்கியபோது அணைப்பக்கம் திரும்பினோம். இந்த முறை புதரைத் தரிசிக்கவேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை. கரையை அடைந்து, படகைத் தோளுக்குத் தூக்க நான் குனிந்தபோது, காலடிப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருப்பதைப் பார்த்து, அதைப் புல்தரையில் கவிழ்க்கப்போனேன். இளைஞர் கையால் தடுத்து, “அங்க வேணாம் அங்கிள், உள்ளயே ஊத்திடுங்க” என்று ஏரியைக் காட்டினார். இரண்டு கை அள்ளும் அளவு இருக்கும். இருவருமாகப் படகின் மூக்கை நீர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழும்வரை நின்றோம்.