சுங்கை சிப்புட்டின் அமைதி

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் செல்லும் சாலையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சுங்கை சிப்புட். மலாய் மொழியில் சுங்கை என்பது ஆறு. சிப்புட் என்பது நத்தை. நத்தையாறு எனலாம். பெயருக்கேற்ப ஊரும் பரபரப்பு அறியாதது. தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகியோர் கலந்து வாழ்கின்றனர். உட்காட்டில் தெமியார் பழங்குடியினர் வாழ்கின்றனர். வழிப்போக்கர் கண்ணுக்கு இது ஒன்றும் நிகழாத ஊர். உண்மை அதுவன்று.

1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் இவ்வட்டாரம் பால்மரக் காடாயிற்று; தமிழ்த் தொழிலாளர் வந்தனர். விடியுமுன் பெரட்டு, பெயர் கொடுத்தபின் அவரவர் நிரைக்குச் செல்வர். வெயில் ஏறுமுன் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை எடுத்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலின் இருட்டிலேயே வேலை தொடங்கியது. முன்னிரவில் உறங்கும் பழக்கம் அவ்வாழ்க்கை தந்ததே.

1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு, சோதனைச் சாவடி ஆகியவற்றுக்கிடையே மக்கள் வாழ்ந்தனர். அந்நாளைய அமைதி அச்சத்தின் அமைதி.

அடுத்த அடி சத்தமின்றி விழுந்தது. 1950-களில் பெருந்தோட்டங்களை வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக விற்றனர். லயத்து வீடு தோட்டத்துக்குரியது. ஆதலின் வேலை போனால் வீடும் போயிற்று. 1919-இல் இவ்வூரில் பிறந்த வீ.தி. சம்பந்தன் இதற்கு ஒரு வழி கண்டார். தொழிலாளரே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவது என்பதே அது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். இவ்வூரில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளியை 1954-இலேயே அவர் நிறுவியிருந்தார்.

எனினும் கூட்டுறவால் காக்கப்பட்டவை சில. கைவிட்டுப் போனவை பல. பின்னர் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. தோட்டத்து மக்களில் பலர் பட்டணங்களுக்கும், இத்தகைய சிற்றூர்களின் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தனர். தோட்டம் போனபின் கோயிலும் பள்ளியுமே அவர்களை ஒன்றுகூட்டின.

தமிழாசிரியர்க்கு இங்கொரு கடமை உண்டு. மேலே கண்ட சொற்களை நோக்குக. பெரட்டு, ஆங்கிலப் 'பரேடு' திரிந்தது. மங்கு, மலாய் 'மங்கோக்' குறுகியது. நிரையோ நம் பழந்தமிழ்ச் சொல். மூன்று மொழிகள் ஒரு தொழிலாளியின் நாவில் கலந்தன. இன்று பால்மரமே காணாத பிள்ளைக்கு இச்சொற்கள் வெற்றொலி. ஏட்டில் இவை எல்லாம் ஏறிவிடவில்லை. முதியோர் நினைவில் உள்ளன. வீட்டுப் பாடமாக, "பாட்டியிடம் பத்துத் தோட்டச் சொற்களைக் கேட்டு எழுதி வா" என்று சொல்லலாம். ஒன்றும் நிகழாத ஊரில் என்னென்ன நிகழ்ந்தன என்பதை அப்பிள்ளை அன்றே அறியும். பாட்டியர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும்.