சுற்றுச்சூழல் படிப்பும் திருப்பூர் தரும் பாடமும்

திருப்பூர் ஜில்லாவில் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள அமராவதி நகரைப் பொதுஜனங்கள் பெரும்பாலும் அங்கே 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியைக் கொண்டும், அமராவதி அணையை ஒட்டிய முதலைப் பண்ணையைக் கொண்டுமே அறிவார்கள். ஆனால் பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவை கொண்டுவரும் மலைஜலம் அணையில் தேங்கி, பின்னர் தாராபுரம், கரூர் வட்டாரத்து வயல்களை நனைத்துக் காவேரியோடு கலக்கிறதே, அந்த ஜலத்திற்கு ஆதாரம் ஆனைமலைக் காடுகளே என்பதை உணர்கிற மாணவன் சுற்றுச்சூழல் சாஸ்திரத்தின் முதற் பாடத்தைக் கற்றவனாகிறான். இரண்டாவது பாடம் அதே ஜில்லாவின் வடபகுதியில், திருப்பூர் நகரின் நடுவே ஓடும் நொய்யலில் இருக்கிறது.

திருப்பூர்ப் பட்டறைகளில் பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது, சாயம் நூலில் பற்றுவதற்காகச் சேர்க்கப்படும் உப்பு துணியில் தங்குவதில்லை. அவ்வளவும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு நீக்கவல்ல சாதாரணச் சுத்திகரிப்பு, கரைந்துபோன இந்த உப்பை நீக்க வல்லதன்று. அக்கழிவுநீர் நொய்யலில் கலந்ததால் நேர்ந்த விபரீதத்திற்கு, அவ்வாற்றில் பாசனத்திற்கென்று கட்டப்பட்டு 1992-இல் நிறைவேறிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனதே சாட்சி. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நியாயஸ்தலத்தை நாடினார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடலாகாது என்ற கட்டளை நிறைவேறாதது கண்ட சென்னை உயர்நீதிமன்றம், 2011 ஜனவரி 28-ஆம் தேதி 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, திருப்பூரின் பனியன் தொழிலே ஸ்தம்பித்து நின்றது.

அத்தொழிலை மீட்டது எது? கழிவுநீரை நுண்ணுயிர்களால் முதலில் பக்குவப்படுத்தி, ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே செலுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உப்புநீரை ஆவியாக்கி உப்பையும் திரும்பப் பெற்று மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகிற முறையே அது. இதில் ரசாயனம் உண்டு, உயிரியல் உண்டு, இயந்திர நுணுக்கம் உண்டு. செலவை யார் ஏற்பது என்ற பொருளாதாரமும், விவசாயிக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே நியாயம் செய்வது எப்படி என்ற தர்மவிசாரமும் உண்டு. சுற்றுச்சூழல் படிப்பு என்பது இவை அனைத்தையும் ஒரே பார்வையில் காணப் பழக்குகிற கல்வியே.

வக்கீல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1991-இல் பிறப்பித்த உத்தரவின் பயனாகவே இந்தப் பாடம் எல்லாக் கல்லூரி மாணவர்களுக்கும் கட்டாயமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம், எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும், நேரில் சென்று கண்டு எழுதும் களப்பணிக்கு 25 மதிப்பெண்ணும் ஒதுக்கியது. அந்தக் களப்பணியைப் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதி முடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியிருப்பது மிகவும் வருந்தத்தக்கது. ஆற்றங்கரைக்கே போகாமல் ஆற்றைப்பற்றி எழுதுவது வித்தையாகுமா?

சுற்றுச்சூழல் சாஸ்திரத்தையே பிரதானமாக எடுத்துப் படிக்க விரும்புவோருக்கு, கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தனித் துறைகள் இருக்கின்றன; மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரியும், ஆனைகட்டியில் பறவைகளையும் இயற்கை வரலாற்றையும் ஆராயும் சலீம் அலி மையமும் உள்ளன. படித்து முடித்தவர்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நீர்ப் பரிசோதனைச் சாலைகளிலும் வேலை உண்டு. அந்நிய நாட்டு வியாபாரிகள் எந்தச் சாயம், எந்த ரசாயனம் என்று கணக்குக் கேட்கிற காலமாதலால், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கும் இத்துறை அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பெருந்திட்டங்களின் விளைவை முன்கூட்டி மதிப்பிடும் ஆலோசனை ஸ்தாபனங்கள், ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. சட்டமும் சேர்த்துப் பயின்றவர்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது.

ஆயினும் ஒன்றைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வு எழுத, தாவரவியல், விலங்கியல், ரசாயனம், பௌதிகம், கணிதம் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றையாவது பட்டப்படிப்பில் பயின்றிருக்க வேண்டும், அல்லது விவசாயம், வனவியல், பொறியியல் பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே அடிப்படை விஞ்ஞானம் ஒன்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, அதன்மேல் சுற்றுச்சூழலில் முதுகலை பயில்வதே உத்தமமான மார்க்கம் என்பது என் அபிப்பிராயம். உப்பு எப்படிக் கரைகிறது என்று அறியாதவன் ஆற்றைக் காப்பது எங்ஙனம்?

உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கும் திருப்பூரே சான்று. ஊர்ப் பறவை ஆர்வலர்கள் பல வருஷங்களாகக் கவனித்துக் குறித்துவந்த நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அங்கீகாரம் பெற்றது.

ஆகவே, கல்லூரியில் சேரவிருக்கும் இளைஞர்களே, யுவதிகளே! இந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் ஊர்க் கிணற்று நீரைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்; அந்நீரின் குணம் ஏன் மாறிற்று என்று கேளுங்கள்; விடை கிடைக்கும்வரை விடாதீர்கள். அப்படிக் கற்றவர்கள் தேசத்துக்குத் தேவை. அவர்களுக்கு உத்தியோகமும் உண்டு.