குத்துக்காலிட்டு உட்காரும் குழந்தை

பத்தடி ஓடியதும் அந்தக் குழந்தைக்கு மூச்சு வாங்கும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். உடனே, யாரும் சொல்லித் தராமலே, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடும். சற்று நேரத்தில் மூச்சு சீராகி மறுபடியும் விளையாடப் போகும்.

இந்த உட்காருதலுக்குள் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888-இல் விவரித்த இதயக் கோளாறு இது. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். பெருந்தமனி ஓட்டைக்கு மேலேயே நிற்கிறது. வலது கீழறையின் சுவர் தடித்திருக்கிறது. நுரையீரல் வழி இடுங்கிக் கிடப்பதால், சுத்தமாகாத ரத்தம் ஓட்டை வழியே பெருந்தமனிக்குள் புகுந்து உடலெங்கும் ஓடுகிறது. நீலம் அதனால்தான். காலை மடக்கி உட்காரும்போது கால்களின் தமனிகள் நெருக்குண்டு, உடல் பக்கம் அழுத்தம் கூடுகிறது. அந்தப் பக்கம் போவது கடினமானதும், கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குத் திரும்புகிறது. எழுத்துக்கூடத் தெரியாத பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அதிசயம்தான்.

பால்டிமோரில் குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் வேறொன்றைக் கவனித்தார். கருவில் இருந்த இணைப்புக்குழாய் ஒன்று, பிறந்த பின்னும் மூடாமல் இருக்கும்வரை இக்குழந்தைகள் தேறியிருந்தார்கள். அது மூடியதும் நீலம் கூடியது. அப்படியானால் அந்தக் குழாயை நாமே செய்தால் என்ன? கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் நாய்களிடம் செய்து தேர்ந்தார். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் அதை ஒரு குழந்தைக்குச் செய்தபோது, தாமஸ் அவருக்குப் பின்னால் நின்று வழி சொன்னார். கறுப்பினத்தவரான தாமஸுக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. சிகிச்சைக்கு மற்ற இருவரின் பெயர் மட்டும் வைக்கப்பட்டது. அது அநியாயம். இன்று பலர் தாமஸின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஓட்டையை அடைத்து, குறுகலை அகலமாக்கும் முழு அறுவை சிகிச்சை 1954-இல் வந்தது. அப்படிப் பிழைத்தவர்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள். பிறவி இதயக் கோளாறுள்ளவர்களில் பெரியவர்களே குழந்தைகளைவிட அதிகம் என்ற நிலை கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் வந்துவிட்டது.

ஆனால் அடைத்த இதயம் புது இதயம் ஆகிவிடாது. குறுகலை விரித்த இடத்தில் நுரையீரல் வால்வு பெரும்பாலும் சரியாக மூடாது. போன ரத்தத்தில் ஒரு பங்கு பின்னே கசியும். வலது கீழறை வருடக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்கி மெல்ல விரியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் படபடப்பாகவோ மயக்கமாகவோ தெரியவரலாம். முன்கூட்டியே எக்கோவிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்துவிட்டால், வால்வை மாற்றிக்கொள்ளலாம். 2000 முதல், தகுந்தவர்களுக்கு நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே வால்வு பொருத்துகிறார்கள்.

சிறுவயதில் இதய ஆபரேஷன் ஆனவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பழைய மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அவர் சொன்னாலும், இதய மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். அடுத்து எப்போது வரவேண்டும் என்பதையும் கேட்டு வாருங்கள்.