அனுப்பிய பதிவு எங்கே போனது?

2024 பிப்ரவரி 22-ஆம் தேதி கூகுள் குரூப்ஸ், யூஸ்நெட் என்ற இணைய விவாத வலையின் செய்திக்குழுக்களில் புதிய பதிவுகளைக் கையாள்வதை நிறுத்தியது. அதை நம்பியிருந்தவர்கள் தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்கள் வழியாக வேறு செய்தி சர்வர்களுக்கு மாற வேண்டியதாயிற்று. அப்படி மாறியவர்களை அலைக்கழிக்கும் சிக்கல் ஒன்று உண்டு. எழுதிய பதிவு நம் சர்வரில் தெரியும். இன்னொரு சர்வரில் படிப்பவருக்குத் தெரியாது.

யூஸ்நெட்டுக்குத் தலைமையகம் கிடையாது. ஒவ்வொரு சர்வரும் பதிவைப் படியெடுத்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. பதிவை அனுப்பியதும் '240' என்ற பதில் எண் வந்தால், உங்கள் சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். அடுத்த சர்வர் மறுத்தால் உங்களுக்குச் சொல்ல ஆளில்லை. மறுக்கும் சர்வர் அந்தக் குழுவையே வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். கணினியின் தேதி தவறாக இருந்தாலும் பதிவு தள்ளப்படலாம். ஐஎன்என் என்ற சர்வர் மென்பொருள் 10 நாளுக்கு மேல் பழைய பதிவை வழக்கமாக ஏற்பதில்லை.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதல் தொல்லை. செய்தி சர்வர்கள் பின்பற்றும் என்என்டிபி நெறிமுறையின் 1986 விதி, ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியாக்கத்தையே கருதியது. தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 இயல்பானது 2006-இன் விதியில்தான். எந்தக் குறியாக்கம் என்று பதிவின் தலைப்பகுதி சொல்லாவிட்டால் எழுத்துகள் சிதையும். மென்பொருள் அமைப்பில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வர் மாறினால் படித்தவையெல்லாம் படிக்காதவையாகத் தெரியும். பதிவுகளின் வரிசை எண் சர்வருக்குச் சர்வர் வேறுபடுவதே காரணம். எங்கும் மாறாத அடையாளம் பதிவின் மெசேஜ்-ஐடி மட்டுமே. அனுப்பிய பதிவு போய்ச் சேர்ந்ததா என்று அறிய, அதைக் குறித்துவைத்து, வேறொரு சர்வரில் தேடுங்கள். கிடைத்தால், பதிவு வந்த வழியைத் தலைப்பகுதியின் 'பாத்' வரி காட்டும். கிடைக்காவிட்டால், மெசேஜ்-ஐடியோடு உங்கள் சர்வர் நிர்வாகிக்கு எழுதுங்கள். புகார் முகவரி பல பதிவுகளின் 'இன்ஜெக்‌ஷன்-இன்ஃபோ' வரியிலேயே இருக்கும்.

சர்வரில் நுழையும்போதும் கவனம் தேவை. 119-ஆம் போர்ட்டில் மறையாக்கம் இல்லாமல் நுழைந்தால் கடவுச்சொல் அப்பட்டமாகப் போகும்; 563-ஐப் பயன்படுத்துங்கள்.

அனுப்பிய பதிவை நீக்குவதுதான் கடினம். போலி நீக்கல் கட்டளைகளால் நொந்த பல சர்வர்கள் எந்த நீக்கலையும் மதிப்பதில்லை. நீக்கக் கேட்பவர் பதிவை எழுதியவரே என்று சரிபார்க்க 2018-இல் தரநிலையாக வகுக்கப்பட்ட கேன்சல்-லாக் முறை எல்லா இடத்திலும் இல்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, சில விதிவிலக்குகளோடு, அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் படிகள் எத்தனை சர்வர்களில் கிடக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் பதிவில் எழுதவே எழுதாதீர்கள்.